உணவியல் பதிவை எந்தச் சொற்களில் எழுதுவது? சொந்த நடை, என்.சி.பி.டி., ஸ்னோமெட், ஐ.சி.டி.: ஓர் ஒப்பீடு

"சாப்பாடு சரியாக எடுக்கவில்லை. புரதம் அதிகமுள்ள உணவு அறிவுறுத்தப்பட்டது."

ஒரு கேஸ் ஷீட்டில் மூன்று தேதிகளில், மூன்று பேர் கையெழுத்தில் இதே வரி இருந்தது. அதில் ஒன்று என்னுடையது. அந்தப் பெரியவர் மூன்று மாதத்தில் 61 கிலோவிலிருந்து 54 கிலோவுக்கு இறங்கியிருந்தார். டாக்டர் அந்த வரியைப் பசியின்மை என்று எடுத்துக்கொண்டார். வார்டு நர்ஸ், அவர் பிடிவாதமாகச் சாப்பிட மறுக்கிறார் என்று நினைத்தார். டயட்டீஷியன்கள் நாங்கள் மூன்று பேரும், எடுத்துச் சொன்னால் சாப்பிடுவார் என்று நம்பி ஆளுக்கு ஒரு முறை ஆலோசனை சொல்லிவிட்டு வந்திருந்தோம். நான்காவது முறை போனபோது சாப்பாட்டு நேரம். தட்டில் குடிக்கக்கூடியது எல்லாம் காலி. கடித்து மெல்ல வேண்டியது எல்லாம் ஓரத்தில் ஒதுக்கி வைத்தபடி அப்படியே இருந்தது. பல்செட் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது, மெல்லும்போது ஈறு வலித்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை.

'சாப்பாடு சரியாக எடுக்கவில்லை' என்பது பொய்யில்லை. ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. பதிவுக்கான சொற்களை நான் அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

புதிதாக ஒரு உணவியல் பிரிவை அமைப்பவர்களும், காகிதத்திலிருந்து கணினிக்கு மாறுகிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. உணவியலுக்கென்றே உள்ள சொற்பட்டியலான என்.சி.பி.டி.க்குச் சந்தா கட்டுவதா? மருத்துவமனை சாஃப்ட்வேரில் ஏற்கெனவே எல்லா மருத்துவத் துறைகளுக்குமான ஸ்னோமெட் சொற்பட்டியல் இருக்கிறதே, அது போதாதா? நோய்களை வகைப்படுத்தும் ஐ.சி.டி. கோடு (குறியீடு) போட்டால் வேலை முடிந்ததா? இல்லை, இப்போது எழுதுவது போலவே எழுதிக்கொண்டு போகலாமா?

## முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம்

இந்தக் கேள்வியில் மூன்று வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

ஒன்று படிவம். எதை முதலில் எழுதுவது, எதை அடுத்து எழுதுவது என்ற வரிசை. 'சோப்', 'அடைம்' இரண்டும் படிவங்கள், இரண்டையும் கீழே விளக்குகிறேன். இரண்டாவது சொல். ஒரு பிரச்சினைக்கு எல்லோரும் ஒரே பெயரைச் சொல்வது, அந்தப் பெயருக்கு ஒரே பொருளை வைத்துக்கொள்வது. மூன்றாவது குறியீடு. அந்தச் சொல்லைக் கணினி அடையாளம் காண வைக்கும் எண் அல்லது எழுத்து.

'அடைமா, ஸ்னோமெடா' என்று கேட்பது 'கடிதமா, அகராதியா' என்று கேட்பது போல. அடைம் படிவத்தில் ஸ்னோமெட் சொல்லை எழுதலாம். சோப் படிவத்தில் என்.சி.பி.டி. சொல்லை எழுதலாம். அகராதி கையில் இருப்பதாலேயே கடிதம் நன்றாக வந்துவிடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தயக்கம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்க்கும் அளவுகோல்கள் ஆறு. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. முதல் இரண்டும்தான் எனக்கு முக்கியம்.

அடுத்து படிக்கப்போவது யார்? நாளைக்கு டியூட்டிக்கு வரும் இன்னொரு டயட்டீஷியனா, டாக்டரா, வேறு மருத்துவமனையா, பில்லிங் பிரிவா, ஆய்வாளரா? ஒவ்வொருவருக்கும் தேவைப்படுவது வேறு.

காரணம் பதிவாகிறதா? பிரச்சினையின் பெயரை எழுத எல்லா முறையிலும் வழி உண்டு. அது ஏன் வந்தது என்று எழுத எல்லாவற்றிலும் இடம் இல்லை. நம் வேலை நடப்பது அந்த 'ஏன்' என்ற இடத்தில்தான்.

பிறகு எண்ண முடியுமா? 'கடந்த ஆறு மாதத்தில் விழுங்குவதில் சிரமம் இருந்தவர்கள் எத்தனை பேர்?' என்று நிர்வாகம் கேட்டால் பதில் எடுக்க முடிய வேண்டும்.

நேரம். பழகும் காலத்தில் எவ்வளவு, பழகிய பிறகு எவ்வளவு என்று இரண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

செலவு. சந்தா, உரிமம், பயிற்சி, சாஃப்ட்வேர் மாற்றம், ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஆகும் வேலை.

ஊர் விட்டு ஊர், மொழி விட்டு மொழி போகுமா? நோயாளி இடம் மாறினால் பதிவும் பொருள் மாறாமல் கூடவே போக வேண்டும்.

## வழி 1: சொந்த நடை

சொந்த நடை என்றால் ஒழுங்கில்லாத எழுத்து என்று அர்த்தமில்லை. பெரும்பாலானவர்கள் சோப் படிவத்தில் எழுதுகிறார்கள்: நோயாளி சொல்வது, நாம் பார்ப்பதும் அளப்பதும், மதிப்பீடு, திட்டம். லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1960-களில் பிரச்சினையை மையமாக வைத்துப் பதிவெழுதும் முறையைக் கொண்டுவந்தபோது பிறந்த வரிசை இது. டாக்டர்களும் நர்ஸ்களும் பழகிய வடிவம் என்பதால் நம் நோட்டை அவர்கள் நின்று படிப்பார்கள். இது பெரிய லாபம்.

இன்னொரு லாபம், நோயாளியின் வாழ்க்கை அப்படியே உள்ளே வரும். 'மனைவி இறந்த பிறகு தனியாகச் சாப்பிட உட்கார மனமில்லை என்கிறார்' என்ற வரியை எந்தக் கோடும் தராது.

மறைந்திருக்கும் செலவு பின்னால்தான் தெரியும். மதிப்பீடு என்ற பகுதி ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவர் அதில் நோயின் பெயரை எழுதுவார், ஒருவர் பிஎம்ஐ கணக்கு போடுவார், ஒருவர் 'உணவு குறைவு' என்று முடித்துவிடுவார். 'உட்கொள்ளல் குறைவு', 'சாப்பாடு போதவில்லை', 'பசி இல்லை', 'மறுக்கிறார்' ஆகிய நான்கும் நான்கு வேறு விஷயங்களாக இருக்கலாம், ஒரே விஷயமாகவும் இருக்கலாம். வருடக் கடைசியில் அறிக்கை கேட்டால், யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு ஷீட்டாகப் புரட்ட வேண்டும்.

எப்போது இது போதும்: தனியாகக் கிளினிக் நடத்துகிறீர்கள், உங்கள் நோட்டை நீங்கள் மட்டுமே படிக்கிறீர்கள், ஒவ்வொரு நோயாளியையும் நீண்ட காலம் நீங்களே பார்க்கிறீர்கள் என்றால் சொந்த நடை போதும். அப்போதும் ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். மதிப்பீட்டுப் பகுதியில் பிரச்சினை, காரணம், ஆதாரம் மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

## வழி 2: என்.சி.பி. முறையும் என்.சி.பி.டி. சொற்களும்

அமெரிக்க உணவியல் சங்கம் 2003-ல் ஏற்றுக்கொண்ட நான்கு படி முறைதான் என்.சி.பி. மதிப்பீடு, ஊட்டச்சத்து நோயறிதல், தலையீடு, கண்காணிப்பும் மதிப்பிடலும். இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் அடைம் என்கிறோம். முறைக்குத் துணையாகச் சொற்பட்டியலும் வளர்ந்தது. முதலில் ஐ.டி.என்.டி. என்ற பெயரில் புத்தகமாக வந்தது, 2014 முதல் இணையத்தில் சந்தா முறையில் கிடைக்கிறது. அதன் இன்றைய பெயர் என்.சி.பி.டி.

மற்ற வழிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இரண்டாவது படி. நோயின் பெயரை டாக்டர் சொல்கிறார். அந்த நோயாளியின் உணவு நிலையில் நாம் சரிசெய்யக்கூடிய பிரச்சினை எது என்று டயட்டீஷியன் சொல்ல வேண்டும். பிரச்சினைகள் மூன்று பெரிய பிரிவுகளில் இருக்கின்றன: உட்கொள்ளல், மருத்துவ நிலை, நடத்தையும் சூழலும். என்.ஐ., என்.சி., என்.பி. என்று தொடங்கும் கோடுகள் இவற்றைத்தான் குறிக்கின்றன. என்.சி.-1.1 விழுங்குவதில் சிரமம், என்.சி.-1.2 கடித்து மெல்வதில் சிரமம், என்.ஐ.-2.1 போதிய அளவு வாய்வழி உட்கொள்ளாமை, என்.பி.-1.1 உணவு பற்றிய அறிவுக் குறைவு.

பிரச்சினை, காரணம், அறிகுறி மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கட்டுவதுதான் 'பெஸ்' வாக்கியம். அந்தப் பெரியவருக்கு அன்றே இப்படி எழுதியிருக்க வேண்டும்:

*போதிய அளவு வாய்வழி உட்கொள்ளாமை. காரணம்: பல்செட் தளர்ந்து மெல்லும்போது வலி. ஆதாரம்: மூன்று நாட்களாகத் தட்டில் பாதிக்கு மேல் மிச்சம், மெல்ல வேண்டியவற்றை மட்டும் ஒதுக்குதல், 3 மாதத்தில் 7 கிலோ எடைக் குறைவு.*

இந்த வாக்கியத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தலையீடு காரணத்தை நோக்கிப் போக வேண்டும்: மென்மையான பதத்துக்கு மாற்றுவது, பல் மருத்துவரிடம் அனுப்புவது. கண்காணிப்பு ஆதாரத்தை நோக்கிப் போக வேண்டும்: தட்டில் மிச்சம் எவ்வளவு, எடை எவ்வளவு. நாங்கள் மூன்று முறை கொடுத்த ஆலோசனை எந்தக் காரணத்துக்கான மருந்து? அறிவுக் குறைவுக்கு. அப்படி ஒரு குறைவு அவருக்கு இல்லவே இல்லை. காரணத்தை எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்திருந்தால் முதல் நாளே யாராவது வாயைத் திறந்து காட்டச் சொல்லியிருப்போம்.

சரி, இங்கே ஒரு கேள்வி வரும். மெல்வதில் சிரமம் என்பதற்கே தனிக் கோடு இருக்கிறதே, அதையே பிரச்சினையாக எழுதக் கூடாதா? எழுதலாம். உட்கொள்ளல் பிரிவிலும் மருத்துவப் பிரிவிலும் சமமாகப் பொருந்தினால் உட்கொள்ளல் பிரிவை எடுப்பது என்பது இந்த முறையில் பொதுவாகச் சொல்லப்படும் வழி. உணவு உட்கொள்ளலைச் சரிசெய்வது நேரடியாக நம் கையில் இருக்கிறது என்பதே காரணம். நானும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் காரணம் தெளிவாக இருந்தால் இரண்டில் எது எழுதினாலும் நோயாளிக்கு நட்டமில்லை. இந்த விவாதத்தில் அரைமணி நேரம் போவதைத்தான் நான் நட்டம் என்பேன்.

ஒரு நோயாளிக்கு எந்தப் பிரச்சினையும் தெரியாவிட்டால்? அதற்கும் 'தற்போது ஊட்டச்சத்து நோயறிதல் இல்லை' என்று என்.ஓ.-1.1 இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் இதை மறந்துவிட்டு, ஏதாவது எழுதியாக வேண்டுமே என்று அறிவுக் குறைவைப் போட்டுவிடுகிறார்கள். அறிவுக் குறைவுக் கோடு ஒரு பிரிவில் அளவுக்கு மீறித் தென்பட்டால் நோயாளிகளைப் பற்றிக் கவலைப்படும் முன் நோட்டுகளை எடுத்துப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கே அதிகம்.

சந்தா வெளிப்படையான செலவு, அதைக் கணக்குப் போட்டுவிடலாம். சாஃப்ட்வேருக்குள் இந்தச் சொற்களை ஏற்ற வேண்டுமென்றால் தனி உரிமம் வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பட்டியல் அவ்வப்போது திருத்தப்படும், கோடுகளின் இடமும் மாறும். அதனால்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் மாறாத தனி அடையாள எண் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். சாஃப்ட்வேரில் ஏற்றும்போது அந்த எண்ணையும் சேர்த்து ஏற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சில வருடம் கழித்துப் பழைய பதிவையும் புதிய பதிவையும் ஒப்பிட முடியாமல் போகும்.

பழகும் காலத்தையும் குறைத்துக் கணக்கிடாதீர்கள். முதல் சில வாரம் எனக்கு ஒரு நோட்டுக்கு முன்பைவிட இரட்டிப்பு நேரம் ஆனது. அப்புறம் பழைய வேகத்துக்கு வந்தது. மதிப்பீட்டுப் பகுதியில் கதை எழுதுவது நின்றதால் நோட்டின் நீளமும் குறைந்தது.

நான் அதிகம் பயப்படும் செலவு வேறு. பட்டியலைத் திறந்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு ஏற்ற ஆதாரத்தைப் பிறகு தேடுவது. கணினியில் சொற்கள் கீழிறங்கு பட்டியலாக வரும்போது இந்தப் பழக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும். முந்தைய நாள் பெஸ் வாக்கியத்தை அப்படியே காப்பி செய்து ஒட்டுவதும் இதே வகை. சொல் தரமானதாக இருக்கும், சிந்தனை நின்றுபோயிருக்கும்.

எப்போது இது சிறந்தது: ஒரே நோயாளியை ஒன்றுக்கு மேற்பட்ட டயட்டீஷியன்கள் பார்க்கும் இடங்கள், மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இடங்கள், உணவியல் தலையீட்டால் என்ன மாறியது என்று காட்ட வேண்டியவர்கள். தலையீட்டுக்கும் கண்காணிப்புக்கும் இவ்வளவு விரிவாகச் சொற்கள் உள்ள வேறு பட்டியலை நான் பார்க்கவில்லை.

## வழி 3: ஸ்னோமெட் சி.டி.

அமெரிக்காவின் ஸ்னோமெட் ஆர்.டி.யும் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை வைத்திருந்த மருத்துவச் சொற்பட்டியலும் சேர்ந்து 2002-ல் உருவானது இது. மூன்று லட்சத்துக்கும் அதிகமான கருத்துகள் இதில் உள்ளன. நோய், அறிகுறி, சிகிச்சை, உடல் பாகம், பொருள் என எல்லாமே இருக்கும்.

இதன் பலம் எண்ணிக்கையைவிட அமைப்பில் இருக்கிறது. ஒரு கருத்துக்கு ஒரு எண், அந்த எண்ணுக்குக் கீழே பல பெயர்கள். டாக்டர் ஒரு பெயரிலும் நர்ஸ் இன்னொரு பெயரிலும் எழுதினாலும் எண் ஒன்றே. கருத்துகள் ஒன்றன் கீழ் ஒன்றாகவும் கட்டப்பட்டிருக்கின்றன, ஒரே கருத்து இரண்டு தாய்களின் கீழும் வரலாம். அதனால் மேலே உள்ள ஒரு கருத்தைக் கேட்டால் அதன் கிளைகளில் பதிவான அனைவரும் ஒரே தேடலில் வந்துவிடுவார்கள்.

பிரிட்டன் டயட்டீஷியன்கள் போன பாதை இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது. அவர்களுடைய சங்கம் தனக்கென்று ஒரு செயல்முறை மாதிரியை வைத்துக்கொண்டு, சொற்களுக்கு ஸ்னோமெட்டைப் பயன்படுத்தும் வழியைத் தேர்ந்தெடுத்தது. பெஸ் போன்ற வாக்கியம் அவர்களிடமும் உண்டு, 'பாஸ்' என்பார்கள். படிவமும் அகராதியும் தனித்தனி என்று முன்பு சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

குறைகளுக்கு வருவோம். மொத்தக் கடலையும் ஒரு டயட்டீஷியன் முன்னால் கொட்டினால் யாராலும் வேலை செய்ய முடியாது. உணவியலுக்குத் தேவையானவற்றைப் பிரித்தெடுத்து ஒரு சிறு தொகுப்பாக்க வேண்டும். அதைச் செய்வது யார்? உணவியல் தெரிந்தவரும் மருத்துவத் தகவலியல் தெரிந்தவரும் சேர்ந்து உட்கார வேண்டும். அப்படி ஒரு நபர் கிடைக்காத மருத்துவமனையில் 'எங்களிடம் ஸ்னோமெட் இருக்கிறது' என்ற பேச்சுக்குப் பெரிய பொருள் இல்லை. சர்வதேசப் பதிப்பு இப்போது மாதந்தோறும் வெளியாவதால், தொகுப்பைப் பராமரிப்பதும் ஒருவருடைய நிரந்தர வேலை. உறுப்பு நாடுகளில் உரிமக் கட்டணம் இல்லை, மற்ற இடங்களில் கட்டணம் வரலாம்.

காரணம் பதிவாகிறதா? பிரச்சினைக்கு ஒரு எண், மெல்வதில் சிரமத்துக்கு ஒரு எண் என்று இரண்டும் கிடைக்கும். 'இதனால் அது' என்ற கட்டு படிவத்தில் இருந்தால்தான் நிற்கும். சாஃப்ட்வேரில் இரண்டு எண்களும் இரண்டு தனி வரிகளாக விழுந்தால் அந்தக் கட்டு அறுந்துபோகும்.

எப்போது இது சிறந்தது: மருத்துவமனை முழுக்க மின்னணுப் பதிவில் ஓடுகிறது, மற்றத் துறைகள் ஏற்கெனவே ஸ்னோமெட்டில் எழுதுகின்றன, தகவலியல் பிரிவு ஒன்று உயிரோடு இருக்கிறது என்றால் தனித் தீவாக நிற்க வேண்டாம், இதையே எடுங்கள். என்.சி.பி.டி. சொற்களில் நிறையவற்றுக்கு ஸ்னோமெட்டில் இணை இருப்பதால், திரையில் என்.சி.பி.டி. சொல்லும் பின்னணியில் ஸ்னோமெட் எண்ணும் இருக்கும்படி அமைக்கலாம். வசதி உள்ளவர்களுக்கு இதுவே என் முதல் தேர்வு.

## வழி 4: ஐ.சி.டி.

சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இது வேறு வேலைக்கான கருவி. இறப்புக் காரணங்களை எண்ணுவதற்காக 1893-ல் உருவான பட்டியலின் வாரிசு இது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. பதினோராவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, பத்தாவது பதிப்பும் பல இடங்களில் இன்னும் புழக்கத்தில் உள்ளது.

ஒவ்வொன்றையும் ஒரே ஒரு பெட்டியில் போட்டு எண்ணுவதுதான் இதன் நோக்கம். அந்தப் பெரியவருக்குப் பத்தாவது பதிப்பில் ஈ43, அதாவது கடுமையான புரத-ஆற்றல் ஊட்டக்குறைவு. பல்செட் அதில் இல்லை, தட்டில் மிச்சமானதும் இல்லை. அடுத்த டயட்டீஷியனுக்கு ஈ43 எதையும் சொல்லாது.

ஆனால் நிர்வாகத்துக்கும் காப்பீட்டுக்கும் புள்ளிவிவரத்துக்கும் அந்த ஒரு கோடு நிறையச் சொல்லும். ஊட்டக்குறைவு கோடாகப் பதிவாகாத மருத்துவமனையில் அப்படி ஒரு பிரச்சினையே இல்லை என்றுதான் கணக்கு காட்டும். பல இடங்களில் அந்தக் கோடு செல்லுபடியாக டாக்டரின் நோயறிதல் அவசியம். ஆகவே உங்கள் நோட்டில் உள்ள அளவீடுகள் டாக்டரின் நோட்டுக்குப் போய்ச் சேரும் வழியை முதலில் அமையுங்கள்.

எப்போது இது தேவை: எப்போதுமே, ஆனால் தனியாக இல்லை. ஐ.சி.டி. மட்டும் போதும் என்ற முடிவை எந்த உணவியல் பிரிவுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சொந்த நடை | என்.சி.பி.டி. | ஸ்னோமெட் சி.டி. | ஐ.சி.டி. |
|---|---|---|---|---|
| அடுத்து படிப்பவர் | எழுதியவர், பழகிய டாக்டர் | இன்னொரு டயட்டீஷியன் | எல்லாத் துறைகளும், கணினி | நிர்வாகம், காப்பீடு, புள்ளிவிவரம் |
| காரணம் | எழுதுபவர் நினைத்தால் மட்டும் | வாக்கியத்திலேயே கட்டாயம் | படிவத்தைப் பொறுத்தது | இடமில்லை |
| எண்ணுதல் | கையால் புரட்ட வேண்டும் | எளிது, உணவியலுக்குள் | மிக எளிது, துறை தாண்டியும் | எளிது, நோயளவில் |
| பழகும் நேரம் | இல்லை | சில வாரம் | தொகுப்பு தயாரானால் குறைவு | குறைவு |
| மறைந்த செலவு | பிறகு தேடும் நேரம், தவறான புரிதல் | சந்தா, பயிற்சி, காப்பி-ஒட்டு | தொகுப்பு அமைக்கவும் பராமரிக்கவும் ஆள் | டாக்டரின் ஒத்துழைப்பு |
| இடம், மொழி மாற்றம் | பொருள் மாறலாம் | நன்று | மிக நன்று | மிக நன்று |

## இந்த நான்கிலும் அடங்காதவை

ஆய்வக அளவுகளுக்கும் எடை, உயரம் போன்ற அளவீடுகளுக்கும் லோயின்க் என்ற தனிப் பட்டியல் இருக்கிறது. உடல் எடைக்கு 29463-7. இதைத் தேர்ந்தெடுப்பது உங்கள் வேலையில்லை, சாஃப்ட்வேர்காரர் பார்த்துக்கொள்ள வேண்டியது. நெதர்லாந்து டயட்டீஷியன்கள், நோயாளி அன்றாடம் என்ன செய்ய முடிகிறது என்பதை மையமாகக் கொண்ட ஐ.சி.எஃப். வகைப்பாட்டைத் தங்கள் துறைக்கு ஏற்றபடி விரித்து வைத்திருக்கிறார்கள். மறுவாழ்வு மையத்தில் வேலை செய்பவர்கள் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

உணவின் பதத்துக்கு ஐ.டி.டி.எஸ்.ஐ. நிலைகளை எழுதுங்கள். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கான உணவு, திரவங்களின் பதத்தை எண்ணால் சொல்லும் சர்வதேச முறை அது. இதில் இரண்டாம் யோசனையே வேண்டாம். 'கொஞ்சம் கெட்டியாக' என்பது ஒவ்வொரு சமையலறையிலும் ஒவ்வொரு பதம். 0 முதல் 7 வரையான நிலைகளுக்குச் சோதனை இருக்கிறது. திரவம் என்றால் 10 மில்லி சிரிஞ்சில் நிரப்பி 10 நொடி ஒழுகவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். 4 முதல் 8 மில்லி வரை மிஞ்சினால் அது நிலை 2. விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்கு இந்த எண் தவறினால் திரவம் மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு.

## சொல் ஒன்றானாலும் அளவுகோல் ஒன்றா?

எந்தப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஓட்டையை நீங்களேதான் அடைக்க வேண்டும். 'கடுமையான ஊட்டக்குறைவு' என்று இரண்டு பேர் எழுதுகிறார்கள், இரண்டு பேரும் ஒரே கோடு போடுகிறார்கள். ஒருவர் ஊட்டக்குறைவைக் கண்டறிவதற்கான கிளிம் என்ற சர்வதேச அளவுகோலை வைத்துச் சொல்கிறார். உடல் நிலையைக் காட்டும் மூன்றில் குறைந்தது ஒன்று, காரணத்தைக் காட்டும் இரண்டில் குறைந்தது ஒன்று இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் 10 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் கடுமை. இன்னொருவர் 2012-ல் அமெரிக்க அமைப்புகள் இரண்டு சேர்ந்து வெளியிட்ட ஆறு பண்புகளில் இரண்டு இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரே நோயாளி இரண்டிலும் ஒரே நிலையில் வருவார் என்ற உறுதி இல்லை.

61 கிலோவில் 7 கிலோ என்பது 11 சதவீதத்துக்கு மேல். மூன்றே மாதத்தில் நடந்திருக்கிறது, உட்கொள்ளலும் குறைந்திருக்கிறது. கிளிம்படி கடுமை. இதை எழுதும்போது 'கடுமையான ஊட்டக்குறைவு, கிளிம்' என்று ஒரு சொல்லைக் கூடவே சேர்த்தால் போதும், படிப்பவர் தடுமாற மாட்டார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 'ஊட்டச்சத்துக் குறைபாடு' என்ற ஒரே சொல்லை, உடல் மொத்தமாக வற்றிப்போவதற்கும் ஒரு குறிப்பிட்ட வைட்டமின் குறைவதற்கும் சேர்த்தே பயன்படுத்துகிறோம். நோயாளிக்குக் கொடுக்கும் தாளிலோ மாணவர்களுக்கான பாடத்திலோ தமிழ்ச் சொல்லை எழுதினால் பக்கத்தில் கோடையும் எழுதிவிடுங்கள். என் பழக்கத்தில் முதலாவதற்கு 'ஊட்டக்குறைவு', இரண்டாவதற்கு 'இரும்புச்சத்துக் குறைபாடு', 'வைட்டமின் டி குறைபாடு' என்று சத்தின் பெயரோடு சேர்த்து எழுதுகிறேன்.

## உங்கள் நிலைமை எது?

தனி கிளினிக் என்றால் சொந்த நடையும் பெஸ் வாக்கியமும் போதும். சந்தா இப்போதைக்கு வேண்டாம். ரெஃபரல் கடிதம் எழுதும்போது மட்டும் ஐ.சி.டி. பெயரைப் பயன்படுத்துங்கள்.

காகிதத்தில் ஓடும் சிறிய பிரிவு, இரண்டு மூன்று டயட்டீஷியன்கள் என்றால் அடைம் படிவத்துக்கு மாறுங்கள், என்.சி.பி.டி.க்கு ஒரு வருடம் சந்தா கட்டிப் பாருங்கள். ஸ்னோமெட்டைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். காகிதத்தில் 18 இலக்கம் வரை போகக்கூடிய எண்ணை எழுதி யாருக்கும் பயனில்லை.

மின்னணுப் பதிவு வரப்போகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்குத்தான் அவசரம். சாஃப்ட்வேர் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே போய் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பிரச்சினை, காரணம், ஆதாரம் மூன்றுக்கும் இணைந்த மூன்று பெட்டிகள் உண்டா, சொல்லின் பின்னால் ஸ்னோமெட் எண் நிற்குமா, பட்டியலைப் புதுப்பிப்பது யார் பொறுப்பு? பின்னால் கேட்டால் 'அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்' என்ற பதில்தான் வரும். அந்தக் கட்டத்துக்காக நீண்ட காலம் காத்திருந்த பிரிவுகளை எனக்குத் தெரியும்.

கற்பிக்கும் மருத்துவமனை என்றால் என்.சி.பி.டி.யைத் தவிர்க்க முடியாது. காரணத்தையும் அறிகுறியையும் பிரித்துப் பார்க்க மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

## எடுத்த முடிவை எப்படித் தொடங்குவது

முழுப் பட்டியலையும் ஒரே நாளில் கொண்டுவராதீர்கள். உங்கள் பிரிவின் கடந்த மாத நோட்டுகளில் ஒரு ஐம்பதை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். என்னென்ன பிரச்சினை எத்தனை முறை வருகிறது என்று சிறு கீறல்களாகப் போட்டு எண்ணுங்கள். இருபது இருபத்தைந்து சொற்களுக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும். அந்தச் சொற்களை ஒரே தாளில், ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கத்தோடு அச்சடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். தாளின் மூலையில் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது, எந்தத் தேதி என்று எழுதியிருக்க வேண்டும். பட்டியலில் இல்லாதது வந்தால் சொந்தச் சொல்லில் எழுதி 'புதிது' என்று குறியிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குறிகளைப் பார்த்து, திரும்பத் திரும்ப வந்ததைப் பட்டியலில் சேர்க்கலாம்.

வாரம் ஒருமுறை, பதினைந்து நிமிடம், நோட்டுகளை ஒருவருக்கொருவர் மாற்றிப் படியுங்கள். சக டயட்டீஷியனுக்குப் பெஸ் வாக்கியத்தை மட்டும் காட்டிவிட்டு, கீழே உள்ளதைக் கையால் மறைத்துக்கொண்டு, 'இவருக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். நீங்கள் எழுதிய தலையீட்டுக்கு அருகில் அவர் வந்தால் நோட்டு சரி. 'எனக்குத் தெரியவில்லை, நேரில் பார்க்க வேண்டும்' என்றால் காரணம் என்ற இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.